ராஜப்பா நெஞ்சில் இருந்தது

புருஷன் உடம்பை அறுக்கச் சொல்லி டாக்டரைக் கூப்பிட்ட பெண்ணை, தங்கச் சுரங்கக் குடியிருப்பான சாம்பியன் ரீப்ஸ் அதுவரை பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தது.

விடியற்காலையில் ராஜப்பா இறந்துபோனார். முப்பது வருஷம் சுரங்கத் தூசு தின்ற நுரையீரல், கடைசியில் கைவிட்டுவிட்டது. பௌத்த முறைப்படி பஞ்சசீலம் சொல்லி சாயங்காலம் நாலு மணிக்கு அடக்கம் என்று முடிவாகியிருந்தது. பத்து மணிக்கெல்லாம் இதய டாக்டர் எரிக் பையோடு வாசலில் வந்து நின்றார். வரச் சொன்னது சுலோச்சனா, ராஜப்பாவின் மனைவி.

ராஜப்பாவின் நெஞ்சுத் தோலுக்கு அடியில், இதயத்தைத் துடிக்க வைக்கிற ஒரு பேஸ்மேக்கர் இருந்தது. புதைப்பதற்கு முன்னால் அதை எடுத்துவிட வேண்டும் என்றாள்.

எழவு வீட்டில் பேச விஷயம் கிடைத்தால் கேட்கவா வேண்டும்? அழுதுகொண்டிருந்தவர்கள்கூட அழுகையை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார்கள். எரித்தால்தான் அது வெடிக்கும், புதைக்கிற உடம்பிலிருந்து எதற்கு எடுக்க வேண்டும் என்று ஒருவர் செல்போனைப் பார்த்துச் சட்டம் பேசினார். வேறெதற்கு, விற்கத்தான் என்று இன்னொருவர் கிசுகிசுத்தார். ராஜப்பாவின் தம்பி மனோகர், அண்ணிக்கு இப்படி ஒரு கல்மனசு இருக்கும் என்று நினைக்கவில்லை என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி.

சுலோச்சனா டாக்டருக்கு உள்ளே வழி காட்டினாள்.

மகன் கௌதமன் டாக்டருக்கும் உடம்புக்கும் நடுவில் வந்து நின்றான். தினமும் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறவன். அப்பா என்றால் அவனுக்கு உயிர்.

"நான் இருக்கிற வரைக்கும் அப்பா மேல கத்தி படாது சார். நீங்க போங்க."

டாக்டர் கோபப்படவில்லை. பையிலிருந்து ஒரு கருவியை எடுத்து, சட்டைக்கு மேலாகவே ராஜப்பாவின் நெஞ்சில் வைத்தார். கையிலிருந்த சின்னத் திரையில் ஒரு கோடு ஓடியது. நொடிக்கு ஒரு தடவை, சீராக எகிறி எகிறி இறங்கியது.

கூடத்தில் இருந்தவர்கள் நெருங்கி வந்தார்கள்.

"இன்னா சார் இது? அண்ணனுக்கு உயிர் கீதா?" மனோகர் திரையை எட்டிப் பார்த்தார்.

"இல்லீங்க. அவர் இதயம் நின்னு அஞ்சு மணி நேரம் ஆச்சு. இந்தப் பெட்டிக்கு அது தெரியாது. அடி, அடின்னு இன்னும் சொல்லிக்கிட்டே இருக்கு. இன்னும் ஏழு வருஷத்துக்குச் சொல்லும்."

கல்மனசு என்று சொன்ன மனோகர் தன்னையறியாமல் கைகூப்பினார். தீப்பெட்டி அளவு சாமான், எஜமான் போனது தெரியாமல் காவல் காத்துக்கொண்டிருந்தது.

பங்காருபேட்டையில் ஒரு பெண் இருப்பதாக டாக்டர் சொன்னார். முப்பத்தாறு வயது, நிமிஷத்துக்கு முப்பது துடிப்புதான். அடுப்படியில் இரண்டு தடவை மயங்கி விழுந்துவிட்டாள், மூன்றாவது தடவை விழுந்தால் எழுந்திருப்பாளா என்று சொல்ல முடியாது. இதைச் சுத்தம் செய்து, சோதித்துப் பார்த்து அவளுக்கு வைக்கலாம் என்றார்.

ஒருத்தருக்கு வைத்ததை இன்னொருத்தருக்கு வைக்கலாமா என்று கௌதமன் விடாமல் கேட்டான்.

"அதுல எங்க டாக்டருங்களுக்குள்ளயே ரெண்டு கட்சி, தம்பி. கிருமி தொத்தும், புதுசுதான் வைக்கணும்னு சொல்றவங்க இருக்காங்க. அவங்க சொல்றதும் தப்பில்ல. ஆனா புதுசு வர்ற வரைக்கும் அந்தப் பொண்ணு இருக்கணுமே."

கௌதமன் மசியவில்லை. ஊருக்கு நல்லது செய்ய எங்கப்பா நெஞ்சுதான் கிடைத்ததா என்று அம்மாவின் பக்கம் திரும்பினான்.

அப்போதுதான் சுலோச்சனா பேசினாள்.

"இது உங்கப்பா சொன்னதுடா. சுரங்கத்துல ஷிப்ட் முடிஞ்சி மேல வந்தா, லேம்ப் ரூம்ல தலையில கட்டுற லைட்டக் குடுத்துட்டுதான் வீட்டுக்குப் போவணும். இல்லன்னா அடுத்த ஷிப்டுக்காரன் எதைக் கட்டினு எறங்குவான்னாரு."

"அது கம்பெனி லைட்டுமா. இது அப்பாவுக்குன்னு கவர்மென்ட் ஸ்கீம்ல வந்த புதுசு. யாருக்கும் திருப்பிக் குடுக்கத் தேவையில்ல."

சுலோச்சனா மகனின் கையைப் பிடித்தாள்.

"ஸ்கீமும் இல்ல, ஒண்ணும் இல்லடா. அப்போ நீ வேலை போயி வீட்ல குந்தினு இருந்தே. அப்பனுக்கு ஒண்ணும் செய்ய முடியலையேன்னு நீ குன்னிப் போயிடக் கூடாதுன்னு அப்படிச் சொல்லச் சொன்னாரு. அதுவும் யாரோ செத்துப்போனவங்க நெஞ்சுலேர்ந்து எடுத்ததுதான். அவங்க புள்ளையும் உன்ன மாதிரி குறுக்கால நின்னிருந்தா, ரெண்டு வருஷம் முன்னாடியே உங்கப்பாவுக்கு மாலை போட்டிருப்போம்."

கௌதமன் டாக்டருக்கு வழிவிட்டு விலகினான். அந்தப் பிள்ளை யாரென்று தெரிந்தால் காலில் விழுந்து கும்பிடுவேன் என்றான்.

டாக்டர் எரிக் கையுறையை மாட்டிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார்.

"அது எங்கம்மாவோடது, தம்பி. நானும் அன்னிக்கு ஒரு மணி நேரம் குறுக்கதான் நின்னேன்."