நாலணா ராட்டினம்

சுசீந்திரம் தேர்த்திருவிழாவில் அன்று ராட்டினத்தடியில் கூட்டத்தில் தாணுலிங்கம் பிள்ளை, மனைவி சண்முகவடிவு, மைத்துனன் கிருஷ்ணமணி ஆகிய மூவரும் நின்றார்கள்.

“போன வருசம் ஓரணா, இப்ப நாலணாவா? பகல்கொள்ளை, அத்தான்!” என்றான் கிருஷ்ணமணி.

“மூணு சுத்துக்குச் சீட்டு வாங்குடே.”

“இந்த வயசிலயா? ஊரு சிரிக்கும்.”

“சிரிக்கட்டும்.”

பிள்ளை தனியாக ஏறி, மூன்று சுற்றும் முடிந்து இறங்கினார். சண்முகவடிவு ஓடிவந்தாள்.

“பாத்தியளா?”

“பாத்தேன். முற்றத்துல மக மடியில கெடந்தான். நம்ம வீட்டு மூக்குதான்.”

“தம்பி, எனக்கும் ஒரு சீட்டு வாங்கு” என்றாள் அவள்.

பக்கத்திலிருந்த சம்பந்தி வீட்டு மதில் உயரமானது. சீர் குறைவு என்று அவர்கள் ஏசிய அன்றே, அந்தப் படி மிதிப்பதில்லை என்று பிள்ளை சொல்லிவிட்டார். பேரன் பிறந்தும் சொல் மாறவில்லை.

உச்சியில் பயந்து கண்ணை மூடிக்கொண்டார் என்று ஊரில் பேசுகிறார்கள். அது பொய். மூன்று சுற்றிலும் அவர் இமைக்கவே இல்லை.