412ஆம் எண் மீன்

தாஷி துறைமுகத்துக்குப் பிற்பகலில் திரும்பிய இழுவைப் படகில் எலிவால் மீன் ஒன்று கிடந்தது. மீன் விற்கும் அலியென், அதை அருங்காட்சியகத்தில் மீன்களை வகைப்படுத்தும் பெய்-ருங்குக்காக எடுத்து வைத்திருந்தாள்.

"என்ன டாக்டரம்மா, சீட்டைக் கட்டியே கடல்ல விட்டுட்டீங்களா?"

செவுளில் நூலால் கட்டிய சீட்டு இருந்தது. பெய்-ருங்கின் கையெழுத்தேதான். எண் 412. அவளுடைய பதிவேடோ 397ஐத்தான் எட்டியிருந்தது.

பெய்-ருங் வயிற்றுத் துடுப்பைத் தாங்கும் முள் போன்ற கதிர்களை எண்ணினாள். ஒன்பது. அங்கே பிடிபடும் மற்ற எலிவால்களுக்கு ஏழுதான். தனி இனம் ஒன்று உண்டு என்று பதினொரு வருடமாக அவள் சொல்லிவந்தது வீண்போகவில்லை.

அருங்காட்சியகத்தில் மீனைப் பார்த்த மூத்த பேராசிரியர் ஜுவாங் சிரித்தார். "ஒத்தை மீனைக் காட்டி இனம்ங்கிறியேம்மா! ஏதோ கோளாறோட பொறந்ததா இருக்கும்."

"இன்னும் பதினாலு வரும் சார்."

அன்றைக்கே பதினான்கு கண்ணாடி ஜாடிகளுக்குச் சொல்லிவிட்டாள்.

மூன்றே வாரத்தில் பதினான்கும் வந்தன. அவற்றில் சீட்டு எதுவும் இல்லை. 398 முதல் 411 வரை அவளே எழுதிக் கட்டினாள். எல்லாவற்றுக்கும் ஒன்பது கதிர்கள். ஜுவாங் உருப்பெருக்கியை வைத்து இரண்டு முறை எண்ணினார். பிறகு எழுந்து கைகொடுத்தார்.

"தோத்துட்டேன்மா. நீயே பேர் வை."

"அலியென் பேரைத்தான் வைக்கப்போறேன்."

"எலிவாலுக்கு என் பேரா? என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாரே!" என்று, மீன்களைக் கொண்டுவந்திருந்த அலியென் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அது சரி, பதினாலுன்னு எப்படித் தெரிஞ்சுது?" என்றார் ஜுவாங்.

பெய்-ருங் முதல் மீனை ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்து நீட்டினாள். "என் கையெழுத்தை நானே நம்பலேன்னா எப்படி சார்?"

அவர் சீட்டைத் தொட்டுப் பார்த்தார். இப்போதுதான் எழுதியதுபோல் விரலில் மை ஒட்டியது.