பதினாலு சொட்டு

"என் வீட்டுக்காரர் கண்ணைக் குருடாக்கிட்டுதான் விடுவீங்களா சார்?"

நீச்சல் குளத்தின் பம்ப் அறை வாசலில் நின்றிருந்தாள் அந்தப் பெண். நாற்பது வயதிருக்கும். நாலு படி ஏறியதற்கே மூச்சு வாங்கியது. குரலில் மட்டும் குறைச்சலில்லை.

குளத்தைப் பராமரிப்பவர் ஸ்டூலை இழுத்துப் போட்டார். இருபது வருடமாகச் சோதனைக் குழாயும் சொட்டு மருந்தும் கையுமாகவே திரிவதால், நீச்சல் பழக வரும் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் சொட்டு மாமா.

"உட்காருங்கம்மா. என்ன ஆச்சு?"

"தினமும் சாயங்காலம் இங்க நீந்திட்டு வர்றார். ரெண்டு கண்ணும் மிளகாய்ப் பழம்! கேட்டா குளோரின்கிறார். பத்து நாளா இதே கதை. இதோ, நானே சோதனைப் பட்டை வாங்கிட்டு வந்திருக்கேன். முக்கிப் பார்ப்போம்."

டப்பாவை நீட்டிய கையின் முழங்கை மடிப்பில், பஞ்சு வைத்து ஒட்டிய பிளாஸ்டர். சொட்டு மாமா அதைப் பார்த்தார். பிறகு டப்பாவைப் பார்த்தார்.

"மூடி சரியா மூடலையே. எங்க வச்சிருந்தீங்க?"

"பாத்ரூம்ல."

"போச்சு! ஈரம் பட்ட பட்டை வாய்க்கு வந்ததைச் சொல்லும்மா."

"பட்டை வேணாம், மூக்கு இருக்கே. வாசல்லயே குப்புன்னு அடிக்குது."

"மூக்கு அதைவிடப் பெரிய புளுகன். குளோரின் குறைஞ்சாலும்தான் அப்படி நாறும். சொட்டு எண்ணிப் பார்க்கிறது ஒண்ணுதான் ஏமாத்தாது."

ஆள் இல்லாத மதிய நேரம். குளத்தில் முழங்கை வரை கைவிட்டுத் தண்ணீர் எடுத்து வந்தார். பொடியைப் போட்டுக் குலுக்கியதும் குழாய் ரோஜா நிறமானது.

"இனி ஒவ்வொரு சொட்டா விடுவேன். நிறம் போற வரைக்கும் எண்ணணும். நாலஞ்சுல போனா அளவு சரி. பத்தைத் தாண்டினா என் மேல புகார் எழுதுங்க."

"எழுதாம விடுவேனா? மேனேஜரைப் பார்த்துட்டுதான் போவேன்."

வெளிச்சம் வேண்டுமென்று, முகம் பார்க்கும் கண்ணாடி மாட்டிய ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவளுக்கு இப்போது அவர் முதுகுதான்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு..."

குரல் ஒரு கணம் நின்றது.

"அஞ்சு... ஆறு..."

பதினாலில் நிறுத்தினார். குழாயை உடனே தொட்டியில் கவிழ்த்துக் கழுவினார்.

"ரொம்ப ஜாஸ்திம்மா. தப்பு என்னோடதுதான். இன்னிக்கே குளத்தை மூடிச் சரி பண்ணிடறேன்."

"அப்போ அவருக்கு வேற ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணுமே இல்லை. வெறும் குளோரின்."

"நான் எழுதிக் கொடுத்தா உங்க வேலை போயிடுமே?"

"போனா போகட்டும். எழுதுங்க."

அவள் டப்பாவைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, மேஜையைப் பிடித்து மெல்ல எழுந்தாள்.

"அண்ணா..." என்றாள். 'சார்' என்ற அழைப்பு போயே போயிருந்தது. "நாலாவது சொட்டிலேயே நிறம் போயிடுச்சு. கண்ணாடியில பார்த்தேன்."

சொட்டு மாமா கழுவிய குழாயையே மறுபடி கழுவினார்.

"பத்து நாளா அவர் நீச்சல் டிரவுசர் காய்ஞ்சபடியேதான் வீட்டுக்கு வருது. துவைக்கிறவளுக்குத் தெரியாதா? வேற எங்கயாவது போயிடறாரோன்னு பயந்துதான் வந்தேன்."

"இங்கதாம்மா வர்றார்." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "சத்தம் வெளியே கேட்கக் கூடாதுன்னு ஷவரைத் திறந்து விட்டுட்டு, ஓரமா பெஞ்சுல உட்கார்ந்திருப்பார். வீட்டுல சொல்லிடாதீங்கன்னு கையைப் பிடிச்சுக் கேட்டார்."

"வெள்ளிக்கிழமை எனக்கு ஆபரேஷன். பாவம், என் முன்னாடி அவரால அழ முடியுமா? அதுவரைக்கும் இங்கயே அழுதுக்கட்டும்ணா. குளோரின்தான்னு நான் நம்பிட்டேன்னு மட்டும் அவர்கிட்ட சொல்லிடுங்க."