பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவர்

"மோனிகா யாரு சார்? வீட்டோட தங்கி வேலை செய்யறவங்களா?"

"ஆமாம்மா. என் வொய்ஃப்."

சிரிப்பு கேட்டுவிடக் கூடாதென்று மைக்கைக் கையால் மூடிக்கொண்டேன்.

மாசிலாமணிக்கு டெக்சாஸில் சாயங்காலம். எனக்குத் திருப்பதியில் காலை, இன்னும் டீ கூட வரவில்லை. அமெரிக்காவில் இருப்பவர்களின் வருமான வரிக் கணக்கை இங்கிருந்து போட்டுக் கொடுப்பதுதான் எங்கள் ஆபீஸின் பிழைப்பு. மனிதர் சித்தூர்க்காரர். நான் தமிழ் என்று தெரிந்ததும் இங்கிலீஷை ஓரம் கட்டிவிட்டார்.

அந்த ஊரில் ஒரு வசதி உண்டு. கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போனால், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்குக் கொடுப்பதற்காகச் சம்பளத்தில் ஒரு தொகையை வரி பிடிக்காமல் கம்பெனியிலேயே ஒதுக்கி வைக்கலாம். அந்தப் பணம் யாருக்குப் போனது என்று வருடா வருடம் வரிக் கணக்கில் பெயரோடு காட்ட வேண்டும்.

இவர் பெண்டாட்டி பெயரைக் காட்டியிருந்தார்.

"செல்லாது சார். புள்ளையோட அம்மாவுக்குக் குடுத்தா கணக்குல வராது. அவங்க வேலைக்கும் போகலைன்னா அந்த வசதியே கிடையாது. மொத்தமும் உங்க சம்பளத்துல சேர்ந்துடும். வரி கட்டணும்."

"பக்கத்து வூட்டுக்காரி பாத்துக்கினா செல்லும், பெத்தவ பாத்துக்கினா செல்லாதா? இன்னாம்மா நியாயம் இது?"

நியாயமா? சட்டம் எழுதியவர் எங்கோ வாஷிங்டனில் நிம்மதியாக இருக்கிறார். பேச்சு வாங்குவது திருப்பதியில் நான்.

ஆனால் அவருடைய கவலை வரி இல்லை. வரி போனால் போகிறது என்றார். கணவன், மனைவி இருவர் பெயரிலும் போகிற கணக்கு அது. மோனிகாவும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதுதான் பயம்.

குழந்தை பிறந்ததும் மோனிகா வேலையை விட்டாராம். அன்றிலிருந்து தனக்கென்று ஒன்றும் கேட்டதில்லையாம். இவராகக் கொடுத்தாலும் "எனக்கு எதுக்கு?" என்று திருப்பி வைத்துவிடுவாராம். அறுந்த செருப்புக்கு ஊக்கு குத்தி நடந்ததைப் பார்த்த அன்றுதான் இவர் ஒரு பொய் சொன்னார். வீட்டிலிருந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற அம்மாவுக்குக் கவர்மெண்டே மாசாமாசம் சம்பளம் தருகிறது என்று.

கம்பெனியில் ஒதுக்கி வைத்த பணத்தைத்தான் அப்படிச் சொல்லிக் கொடுத்தார். அதை நம்பி மோனிகா வாங்கிக்கொண்டார். முதல் மாதமே கடைக்குப் போய்ப் புதுச் செருப்பு எடுத்தாராம். அதைச் சொல்லும்போது மாசிலாமணியின் குரலில் அப்படி ஒரு பூரிப்பு.

"இந்தப் பேப்பரைப் பாத்தா அத்தோட வாங்கறதை நிறுத்திடுவாம்மா. வேற மாதிரி எழுத முடியாதா?"

முடியாது என்றேன். அதோடு விட்டிருக்கலாம். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

"உண்மையைச் சொல்லிடுங்க சார். கட்டின புருஷன் குடுக்கறதை வாங்க இன்னா வெக்கம்? வீட்ல இருக்கறவங்க கிட்ட போய்ப் பொய் சொல்லுவாங்களா?"

"உங்களுக்குத் தெரியாதும்மா. சம்பாரிச்சுக்கினு இருந்தவங்களுக்குக் கேக்க வாய் வராது." பிறகு என்னைக் கேட்டார். "உங்க வூட்ல கொழந்தைய யாரு பாத்துக்கிறாங்க?"

"ஆள் இருக்காங்க சார்."

"எவ்ளோ தர்றீங்க?"

சாப்பாடு, துணிமணி எல்லாம் வீட்டோடுதான். கையில் கொடுக்கிற வழக்கம் இல்லை. போன வாரம் நான் ஆபீஸுக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டும்போது, கதவோரம் நின்று தயங்கித் தயங்கி நூறு ரூபாய் கேட்ட முகம் நினைவுக்கு வந்தது. பையைத் திறந்துகொண்டே "எதுக்கு?" என்று கேட்டிருந்தேன்.

ஏதோ சொல்லி மழுப்பினேன். மாசிலாமணி நல்ல மனிதர், துருவவில்லை. பெண்டாட்டியிடம் இன்றே உண்மையைச் சொல்லிவிடுவதாக எனக்கு வாக்குக் கொடுத்துவிட்டு போனை வைத்தார்.

டீ வந்தது. குடிக்கப் பிடிக்கவில்லை. என் சம்பளக் கணக்கிலிருந்து வீட்டிலிருக்கும் போனுக்குக் கொஞ்சம் பணம் அனுப்பினேன். நூறு அல்ல, கூச்சப்படாத அளவுக்கு நல்ல தொகை.

உடனே போன் அடித்தது.

சுரேஷ்பாபு. என் கணவர். எனக்குத் திருப்பதியில் வேலை கிடைத்ததும், சித்தூரில் மாம்பழக்கூழ் கம்பெனி சூப்பர்வைசர் வேலையை விட்டுவிட்டு என்னோடு வந்தவர். அன்றிலிருந்து எங்கள் சீனுவைக் குளிப்பாட்டி, ஊட்டி, தூங்க வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்.

"கீர்த்தி, தப்பா அனுப்பிட்டியா? இவ்ளோ பணம் எனக்கு எதுக்கு? இரு, திருப்பிப் போட்டுடறேன்."

சொல்ல வேண்டிய உண்மை எனக்கு நன்றாகத் தெரியும். சற்று முன்தான் இன்னொருவருக்கு அதைப் பாடமாகவே எடுத்திருந்தேன்.

"ஏங்க, அது என் பணம் இல்லீங்க" என்றேன். "அமெரிக்காவுல இருக்கற மாதிரி எங்க ஆபீஸ்லயும் புதுசா ஆரம்பிச்சிருக்காங்க. வூட்ல கொழந்தைய யாரு பாத்துக்கிறாங்களோ, அவங்களுக்கு மாசாமாசம் சம்பளமாம்."

 

"அமெரிக்கா கம்பெனின்னா கம்பெனிதான்!" என்றார். கல்யாணமான புதிதில் கேட்ட குரல். "உங்க மேனேஜருக்கு நான் தேங்க்ஸ் சொன்னதா சொல்லிடு."

சொல்லிடறேன் என்றேன்.