எந்தப் பக்கம்?

1956 மார்ச், காரைக்கால். சைகோனில் பதினைந்து ஆண்டுகள் கார் ஓட்டிவிட்டு ஊர் திரும்பியிருந்த சேக் பரீதிடம், மனைவி நபீசா சாலை விதிகளைக் கேட்டுக்கொண்டிருந்தாள். விடிந்தால் தேர்வு.

"எதிர்ல லாரி வந்தா எந்தப் பக்கம் ஒதுங்கணும், மச்சான்?"

"வலது."

"அது சைகோன்ல. இங்க பஸ்ஸெல்லாம் இடது பக்கமால்ல போவுது?"

"அப்ப இடது. இல்ல புள்ள, வலதுதான்... சும்மா கொழப்பாத!"

"இப்படிச் சொன்னா நாளைக்குப் பெயிலுதான். வாங்கி வச்ச காரை வித்துட வேண்டியதுதான்."

"யா அல்லா! சரி, இடதுன்னே வச்சுக்க."

காலையில் அலுவலகத்தில் பெயரைக் கூப்பிட்டார்கள். பார்வை போய்விட்ட கணவரைக் கைபிடித்து பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, நபீசா உள்ளே போனாள். அதிகாரியும் லாரியைப் பற்றித்தான் கேட்டார்.

"இடது" என்றாள்.

கார் பழகுவதற்கான லைசென்ஸ் அவளுக்குக் கிடைத்தது.