மஹாலாவைத் தேடுகிறேன்

மஹாலா என்ற என் மனைவியைத் தேடுகிறேன் என்று அச்சாகியிருந்தது.

ஐசம் அந்த வரியை வாய்க்குள்ளேயே படித்துவிட்டு நின்றான்.

பிரசங்கம் முடிந்தால் பத்திரிகை. அடிமைகளுக்கு விடுதலை வந்து இத்தனை வருடமாகியும் அந்த மிசிசிப்பி சபையில் அதுதான் வழக்கம். அடிமைச் சந்தையில் பிரித்து விற்கப்பட்ட தாயை, பிள்ளையை, தம்பியைத் தேடுகிறவர்கள் பத்திரிகையில் விளம்பரம் போடுவார்கள். சபைக்குச் சபை அதை வாசிப்பார்கள். விவரம் தெரிந்தவர் எழுந்து நிற்க வேண்டும்.

இந்தச் சபையின் போதகருக்குக் கண் மங்கிவிட்டது. மர அறுவை மில்லில் கூலியான ஐசமுக்குத்தான் எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். அதனால் வாசிப்பு அவன் தலையில் விழுந்தது.

விழுந்தது என்ன, ஆசையாய்க் கேட்டு வாங்கிக்கொண்டான். தன் அம்மாவைத் தேடி விளம்பரம் போட்டவன்தான் அவனும்.

மிச்சத்தையும் கண்ணால் ஓட்டினான். வர்ஜீனியாவில் பிரித்து விற்றார்கள். அவளுக்கு இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு. இடுப்பில் கைக்குழந்தை. நான் வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இப்படிக்கு வில்லிஸ், டெக்சாஸ்.



அந்தத் தழும்பை அவன் தினமும் பார்க்கிறான். சங்கிலியோடு நடந்து வந்த வழியில் அந்தக் குழந்தை இறந்துபோனதை அவள் அவனிடம் சொல்லியிருக்கிறாள். வில்லிஸைப் பற்றியும் எப்போதாவது பேசுவாள், செத்துப்போனவரைப் பற்றிப் பேசுவதுபோல.

மூன்றாவது பெஞ்சில் மஹாலா உட்கார்ந்திருந்தாள். மடியில் அவர்களுடைய மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். மஹாலா அவனையே பார்த்தாள்.

"என்னப்பா ஐசம், எழுத்தெல்லாம் எந்திரிச்சு ஓடிப்போச்சா?" என்றார் ஒரு பெரியவர். சிலர் சிரித்தார்கள்.

இதே நேரம் எந்த ஊர்ச் சபையிலாவது ஒருவன் என் அம்மாவின் பெயரையும் இப்படி விழுங்கிக்கொண்டிருப்பானோ என்று ஐசமுக்குத் தோன்றியது.

தோன்றியும், விழுங்கினான்.

அடுத்த விளம்பரத்துக்குத் தாவினான். அலபாமாவில் இரண்டு அண்ணன்களைத் தேடும் ஒரு பெண். குரல் பிசிறு தட்டாமல் வந்தது. அதுதான் அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமாம். வாசித்து முடித்ததும் பத்திரிகையை மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டான்.

பருத்திக்காட்டு வழியாக வீட்டுக்கு நடந்தார்கள். மகள் அவன் தோளில் இருந்தாள். மழை வருமா, பன்றிக்குத் தீனி போதுமா என்று அவன் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தான்.

காட்டு விளிம்பில் மஹாலா நின்றாள்.

போன வாரம் ஞானஸ்நானத்துக்கு ஆற்றுக்கு அக்கரைச் சபைக்குப் போனேனே, அங்கே இதே பத்திரிகையை வாசித்தார்கள் என்றாள். வில்லிஸ் போட்டதை முழுக்கக் கேட்டாளாம். எழுந்து நிற்கவில்லையாம்.

அவன் தலை தானாகக் குனிந்தது. அவள் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"நீங்க படிச்சதும், நான் செத்துட்டேன்னு அவருக்கு எழுதிடச் சொல்லி உங்ககிட்ட கேக்கணும்னுதான் வந்து உக்காந்திருந்தேன்," என்றாள் மஹாலா. "இப்ப சொல்ல வாய் வரலைங்க."