சுவர் ஓரத்துக் கபர்

முழங்கால் ஆழம் தோண்டியாகிவிட்டது. காலிதின் தாத்தா இன்னும் அகப்படவில்லை.

பூந்தமல்லி கபர்ஸ்தானின் பின்சுவர் ஓரம் அது. கடப்பாரை விழுந்த இடமெல்லாம் நங்கென்றது. குழி வெட்டும் காசிம் பாய் ஒரு மண்கட்டியைப் பெயர்த்து மேலே வைத்தார்.

"பாரு நைனா. ஒருக்கா வெட்டி மூடுன மண்ணு இப்பிடியா இருக்கும்? பாறை கணக்கா கீது."

காலித் குழிக்குள் குனிந்து பார்த்தான். முந்தின நாள் மாலை இறந்துபோன அவனுடைய அத்தா அன்வர் பாஷா, பிள்ளைகளிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். தன்னைத் தன் தகப்பனாரின் கபரிலேயே அடக்கம் செய்ய வேண்டும். இடம் போதாத ஊரில் அது வழக்கம்தான். பல வருடம் ஆன குடும்பக் கபரைத் திறந்து, எலும்பு ஏதும் மிஞ்சியிருந்தால் ஓரமாக ஒதுக்கிவிட்டு, அதே குழியில் அடுத்தவரை வைப்பார்கள்.

அன்வர் பாஷாவுக்கு நாலு வயதாகும்போது அவர்கள் பூந்தமல்லிக்குக் குடிவந்தார்கள். வந்த சில நாளிலேயே தாத்தா காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டார் என்பது வீட்டு வரலாறு. போட்டோ கிடையாது, முகமும் நினைவில்லை. அன்வர் பாஷாவுக்குத் தகப்பன் என்று இருந்ததெல்லாம் இந்த மண்மேடு மட்டும்தான். ஒவ்வொரு வருடமும் பராஅத் இரவுக்கு பிள்ளைகளைக் கூட்டிவந்து புல்லைப் பிடுங்குவார், தண்ணீர் ஊற்றுவார், பூப் போட்டு துஆ கேட்பார். குரல் உடைந்துபோகும்.

மறுநாள் வீட்டில் தாத்தா பேருக்குப் பாத்திஹா ஓதி, தெருவுக்கே சோறு போடுவார். அவருக்கு ஐந்தாறு வயது மூத்த அக்கா ஷம்ஷாத் மட்டும் அந்தச் சோற்றைத் தொடமாட்டார், வாயுத் தொல்லை என்பார். கல்யாண வீடுகளில் பிரியாணியை இரண்டாம் முறை கேட்டு வாங்குகிறவர். "தாத்தா மேல இன்னா அத்தை கோவம் உனக்கு?" என்று காலிதின் தம்பி அஜ்மல் ஒருமுறை சீண்டியபோது, சிரித்துக்கொண்டே எழுந்து போய்விட்டார்.

ஜமாஅத் செயலாளர் வந்து குழியை எட்டிப் பார்த்தார். அஸர் தொழுகை நெருங்குகிறது என்றார். பெயர்க்கல் வைக்காத கபர், அடையாளம் மாறிப்போயிருக்கும். பிடிவாதம் பிடிக்காமல் இங்கேயே ஆழப்படுத்தி வைத்துவிடலாம் என்றார். சொன்னதில் தப்பு எதுவும் இல்லை.

காசிம் பாய் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "கபர்ல படுத்தவரு ஊடு மாத்திகினு எங்கப்பா போவாரு? நல்லா யோசனை பண்ணு. இந்தச் சுவர்தானா?"

இந்தச் சுவர்தான். அதில் காலிதுக்குச் சந்தேகமே இல்லை. அப்படியானால் அத்தா இத்தனை காலம் அழுதது யாருடைய மேட்டில்? கேட்டால் சொல்லக்கூடிய மனிதர் வெள்ளைத் துணிக்குள் கிடக்கிறார். ஆயுசு முழுக்க எதுவும் கேட்காதவர் கேட்ட ஒன்றையும் செய்ய முடியவில்லையே. மிச்சம் இருப்பது அத்தை ஒருத்திதான். பெண்கள் கபர்ஸ்தானுக்கு வருவதில்லை என்றாலும், இடமாவது தெரிந்திருக்கும். கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தான்.

வீட்டில் மய்யித்தைக் குளிப்பாட்டி, கஃபன் துணி கட்டி முடித்திருந்தார்கள். ஷம்ஷாத் தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். காலித் குனிந்து, நடந்ததைக் காதில் சொன்னான். அவர் ஆச்சரியப்படவில்லை.

"வேற எடத்துல வெட்டச் சொல்லுடா."

"அத்தா கேட்டது இது ஒண்ணுதான் அத்தை. தாத்தாவோட எடம் எதுன்னு மட்டும் சொல்லு. நான் பாத்துக்கறேன்."

ஷம்ஷாத் அவன் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துப்போனார். குரலைத் தாழ்த்தினார்.

"சின்னப் புள்ளடா அவன். அத்தா எங்க, அத்தா எங்கன்னு தெனம் அழுவான். எங்கம்மாவால சமாளிக்க முடியல. ஒரு நாளு கபர்ஸ்தான் பக்கமா போறப்ப, சுவத்து ஓரமா ஒரு மேட்டக் காட்டி, அதோ படுத்துகினு கீறார்னு சொல்லிடுச்சி. அழுவைய நிறுத்திட்டான். அப்பறம் பாத்தா தண்ணி ஊத்த ஆரம்பிச்சிட்டான். நான் எப்ப சொல்றது? கல்யாணத்தன்னிக்கா? நீ பொறந்தன்னிக்கா?"

அது குப்பை மண் கொட்டிவைத்த மேடாகக்கூட இருந்திருக்கும் என்று காலிதுக்கு உறைத்தது. குழியில் எலும்பு இல்லாததன் காரணம் விளங்கிவிட்டது. அத்தாவின் ஆசைக்குத்தான் வழி தெரியவில்லை.

"அப்ப தாத்தாவ எந்த ஊர்ல பொதச்சாங்க? அங்கயாவது கொண்டு போவலாமா?"

ஷம்ஷாத் வாயைத் திறப்பதற்குள் கூடத்தில் சலசலப்பு எழுந்தது. பள்ளிவாசலிலிருந்து ஆள் வந்துவிட்டது. அஜ்மலும் மற்ற ஆண்களும் ஜனாஸாப் பெட்டியின் கால்களைப் பிடித்தார்கள். பெண்களின் அழுகை ஒரே மூச்சாகக் கிளம்பியது.

ஷம்ஷாத் ஓடிவந்து பெட்டியின் குறுக்கே விழுந்தார். தம்பியைப் பிரிய மனமில்லாமல் அழுகிறார் என்று நினைத்து அஜ்மல் மெல்ல அவர் தோளைத் தொட்டான். அவர் அந்தக் கையைத் தட்டிவிட்டு, வாசலையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"கொஞ்சம் இருங்கடா. காலையிலயே சேதி சொல்லியனுப்பிட்டேன். வேப்பம்பட்டுலேந்து உங்க தாத்தா வந்துகினு கீறாரு."